கடலுக்கு முன் ஒரு தங்கல்



சால்மன் மீனைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் உங்களில் பலருக்கு ஒரு படம் நினைவுக்கு வந்திருக்கும். அருவியின் வேகத்தை எதிர்த்து ஒரு பெரிய மீன் எகிறுகிறது. மேலே கரடி ஒன்று வாயைத் திறந்து காத்திருக்கிறது. தொலைக்காட்சியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அது அந்த மீனுடைய வாழ்வின் கடைசி வாரங்களில் நடப்பது. முட்டையிடப் போகிறது, பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் இறந்துவிடும். இன்று நான் சொல்ல வந்திருப்பது அதன் முதல் மாதங்களின் கதை. விரல் நீளம்கூட வளராத குஞ்சு, ஆறு முடிந்து கடல் தொடங்குகிற கழிமுகத்தில் கழிக்கிற நாட்கள். அந்த நாட்களை யாரும் படம் எடுப்பதில்லை. கலங்கிய நீர், சேறு, கோரை. ஆனால் அந்த மீன் பெரிதாகித் திரும்பி வருமா வராதா என்பதில் பெரும்பகுதி அங்கேதான் தீர்மானமாகிறது.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், ரெய்னியர் என்ற எரிமலை 4,392 மீட்டர் உயரத்தில் பனி மூடி நிற்கிறது. அதன் தென்சரிவில் உள்ள பனியாற்றிலிருந்து நிஸ்குவாலி ஆறு புறப்படுகிறது. சுமார் 130 கிலோமீட்டர் ஓடி, பியூஜெட் சவுண்ட் என்ற உள்கடலின் தென்கோடியில் கலக்கிறது. நம் காவிரியோடு ஒப்பிட்டால் சிற்றாறு. அங்கே கடலின் ஏற்ற வற்றம் மிகப் பெரிது. ஒரே நாளில் நீர்மட்டம் நான்கு மீட்டர்வரை ஏறி இறங்கும். ஆகவே கழிமுகத்தின் பெரும்பகுதி ஒரு பொழுது நிலம், ஒரு பொழுது நீர். அந்த நிலத்தை மரக்கிளை போல் பிரிந்து பிரிந்து செல்லும் ஓடைகள் அரித்து வைத்திருக்கின்றன. அந்த ஓடைகளில் பல எங்கும் போய்ச் சேர்வதில்லை. சதுப்புக்குள் நுழைந்து, குறுகி, கோரைக்குள் முடிந்துவிடும். ஏற்றத்தில் நிரம்பி, வற்றத்தில் வடியும். சால்மன் குஞ்சுக்கு வேண்டியது இந்த முட்டு ஓடைகள்தான்.

சினூக் என்பது பசிபிக் சால்மன்களிலேயே பெரிய இனம். இலையுதிர் காலத்தில் தாய்மீன் ஆற்றின் கூழாங்கற்களை வாலால் அடித்துக் குழி பறித்து முட்டையிடுகிறது. குளிர்காலம் முடியும் தறுவாயில் குஞ்சுகள் கற்களுக்கிடையிலிருந்து வெளியே வருகின்றன. அப்போது அவற்றின் நீளம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். இனி என்ன செய்வது என்பதில் எல்லாக் குஞ்சுகளும் ஒரே வழியில் போவதில்லை. சில உடனே நீரோட்டத்தோடு கழிமுகத்துக்கு இறங்கிவிடும். சில இரண்டு மூன்று மாதம் ஆற்றிலேயே தின்று வளர்ந்து பிறகு இறங்கும். இன்னும் சில ஓராண்டு ஆற்றிலேயே இருந்துவிடும். உடனே இறங்கிவரும் குஞ்சுகளுக்குத்தான் கழிமுகம் உயிர்நாடி. 40 மில்லிமீட்டரில் வந்து, வாரக்கணக்கில் அந்த ஓடைகளில் தங்கி, 70, 80 மில்லிமீட்டர் ஆன பிறகு உள்கடலுக்குள் போகின்றன.

அங்கே என்ன செய்கின்றன? முதலில் உடம்பை மாற்றிக்கொள்கின்றன. ஆற்றில் இருக்கும் மீனின் இரத்தம் சுற்றியிருக்கும் நீரைவிட உப்பானது. நீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும். சிறுநீரகம் அதை வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். போகிற உப்பைச் செவுள் நீரிலிருந்து இழுத்து ஈடுகட்ட வேண்டும். கடலில் எல்லாம் தலைகீழ். உடம்பிலிருக்கும் நீர் வெளியே போகும். மீன் கடல்நீரைக் குடித்தாக வேண்டும். குடித்த உப்பைச் செவுள் வெளியே தள்ள வேண்டும். ஒரே செவுள், நேர் எதிரான இரண்டு வேலைகள். செவுளின் உயிரணுக்களே மாறியாக வேண்டும். அதற்கு நாளாகும். நன்னீரும் உப்பும் தினம் இருமுறை கலந்து பிரியும் இடத்தில் இருந்தால், தனக்கு ஏற்ற உப்பைத் தேடி மேலும் கீழும் நகர்ந்து, மெல்லப் பழகிக்கொள்ளலாம்.

இரண்டாவது, சாப்பாடு. சதுப்பின் கோரைகளிலிருந்து பூச்சிகள் நீரில் உதிர்கின்றன. சேற்றில் துளையிட்டு வாழும் கூனி போன்ற சிறு ஓட்டுயிர்கள் ஏராளம். ஏற்றத்தில் நீர் கோரையின் மேல் ஏறும்போது குஞ்சுகளும் ஏறி மேய்கின்றன. வற்றத்தில் ஓடைக்கு இறங்குகின்றன. கலங்கிய ஆழமில்லாத நீர், பெரிய மீன்களும் பறவைகளும் எளிதில் பார்க்க முடியாத நீர். பெரிதாகிப் போகும் குஞ்சு கடலில் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். சிறிதாகவே போனால் எதிர்ப்படும் எல்லா வாய்க்கும் இரை. ஆகவே சதுப்பில் தங்கும் ஒவ்வொரு வாரமும் பிழைப்புக்கான வாரம்.

அந்தக் குஞ்சு எத்தனை நாள் தங்கியது என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மீனின் தலைக்குள், காதுப் பகுதியில், சிறிய சுண்ணாம்புக் கற்கள் இருக்கின்றன. செவிக்கல் என்பார்கள். ஒவ்வொன்றும் நாளுக்கு ஒரு வளையமாக வளர்கிறது. நன்னீரைவிடக் கடல்நீரில் ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமம் மிகுதி. மீன் உப்பு நீருக்கு வந்த நாளிலிருந்து செவிக்கல்லில் அதன் அளவு மாறும். கல்லை மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வளையங்களை எண்ணினால், இந்த மீன் எந்த அளவில் கழிமுகத்துக்கு வந்தது, எத்தனை நாள் இருந்தது, அந்த நாட்களில் எவ்வளவு வளர்ந்தது என்று படித்துவிடலாம். கடலுக்குப் போய் வளர்ந்து முட்டையிடத் திரும்பிவந்த மீனின் செவிக்கல்லிலும் அதன் குழந்தைப் பருவம் அப்படியே இருக்கும். மீன் அறிவியலில் என்னை மிகவும் வியக்க வைத்த செய்தி இது.

இனி அந்த இடத்துக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம்.

1904-இல் ஆல்சன் பிரவுன் என்ற சியாட்டில் வழக்கறிஞர் நிஸ்குவாலி கழிமுகத்தில் பெரும் நிலப்பரப்பை வாங்கினார். குதிரைகளைப் பூட்டி மண்ணை வழித்துக் கரை எழுப்பி, கடல்நீர் உள்ளே வராமல் அடைத்தார். உள்ளே பால்பண்ணை, பழத்தோட்டம், வைக்கோல் நிலம். அந்தக் காலத்துக் கணக்கில் அது வெறும் சேற்றைச் சோறாக்கும் வேலை, ஊரார் பாராட்டியிருப்பார்கள். அந்தக் கரையோரம் முழுவதும் இதே வேலை நடந்தது. அமெரிக்க மேற்குக் கரையின் கழிமுகங்களில் தாவரம் படர்ந்த சதுப்பில் ஏறத்தாழ 85 விழுக்காடு போய்விட்டது என்று 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதற்குப் பெருங்காரணம் இப்படிப்பட்ட கரைகள்தான்.

கரை போட்டதும் ஓடைகளின் வாய் அடைபட்டது. மீன் உள்ளே வர முடியாது. ஆறு கொண்டுவரும் வண்டலும் உள்ளே வர முடியாது. நனைந்தே இருந்த மண் காய்ந்தது. அதிலிருந்த மக்கிய வேர்களெல்லாம் காற்றுப் பட்டு எரிந்தது போலக் கரைந்தன. மாடும் வண்டியும் மிதித்து அழுத்தின. நூறாண்டில் கரைக்கு உள்ளிருந்த நிலம் வெளியிலிருந்த சதுப்பைவிடத் தாழ்ந்துபோனது. கரையை எடுத்தால் பழைய சதுப்பு தானே வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்த ஒன்றை மறந்துவிடுகிறார்கள். திரும்பக் கிடைப்பது பழைய நிலம் அல்ல, பள்ளமாகிப்போன நிலம்.

இந்தக் கதையில் இன்னும் ஒரு தரப்பு இருக்கிறது. என் மனதில் அவர்களே முதல் தரப்பு. நிஸ்குவாலி மக்கள். ஆற்றுக்குப் பெயர் கொடுத்தவர்கள். 1854 டிசம்பர் 26-இல், இந்தக் கழிமுகத்தின் ஓரமாக ஓடும் மெடிசின் கிரீக் என்ற சிற்றாற்றின் அருகில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் தரப்பு நிலத்தை எல்லாம் எடுத்துக்கொண்டது. பழங்குடிகள் விடாமல் காத்துக்கொண்டது ஒன்று: தாங்கள் வழக்கமாக மீன் பிடித்த இடங்களில், மற்றக் குடிமக்களோடு சேர்ந்து மீன் பிடிக்கும் உரிமை. ஒப்பந்தத்தில் நடந்த அநீதியை எதிர்த்த தலைவர் லெஷையை 1858-இல் தூக்கிலிட்டார்கள். 2004-இல் மாநில நீதிபதிகள் கூடிய ஒரு வரலாற்று நீதிமன்றம் அவர்மேல் குற்றமில்லை என்றது. முதல் உலகப் போரின்போது, அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலத்திலும் மூன்றில் இரண்டு பங்கை இராணுவ முகாமுக்காக எடுத்துக்கொண்டார்கள்.

அப்படி நிலம் பறிபோன ஒரு குடும்பம், கிடைத்த ஈட்டுத் தொகையில் ஆற்றோரம் ஆறு ஏக்கர் வாங்கிக் குடியேறியது. அந்தக் குடும்பத்தில் 1931-இல் பிறந்தவர் பில்லி ஃபிராங்க் ஜூனியர். 1945-இல், பதினான்கு வயதில், தன் வலையில் விழுந்த மீனை எடுத்துக்கொண்டிருந்தபோது மாநிலக் காவலர்கள் அவரைப் பிடித்தார்கள். பிறகு ஐம்பது முறைக்கு மேல் கைதானார். குற்றம் ஒன்றே: மூதாதையர் எழுதி வாங்கிய உரிமைப்படி மீன் பிடித்தது. அறுபதுகளில் ஆற்றங்கரைகளில் சட்டத்தை மீறி மீன் பிடிக்கும் போராட்டங்கள் நடந்தன. தடியடி நடந்தது, கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. நடிகர் மார்லன் பிராண்டோ 1964-இல் அவர்களோடு படகில் ஏறிக் கைதானார். 1974 பிப்ரவரி 12-இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பளித்தார். பிடிக்கத் தகுந்த மீனில் பாதி ஒப்பந்தப் பழங்குடிகளுக்கு. மீன்வளத்தை மாநிலமும் அவர்களும் சேர்ந்தே நிர்வகிக்க வேண்டும். 1979-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இவ்வளவு அடிபட்டு வாங்கிய பாதி. ஆனால் எதில் பாதி? எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஆறுகளில் மீன் குறைந்துகொண்டே வந்தது. 1999-இல் பியூஜெட் சவுண்டின் சினூக், அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் சட்டத்தின் பட்டியலில் ஏறியது. பிடிக்கும் உரிமை கையில் இருந்து, மீன் இருக்க இடம் இல்லையென்றால் அந்த உரிமைக்குப் பொருள் ஏது? இந்தக் கேள்விதான் பில்லி ஃபிராங்கையும் அவர் மக்களையும் வலையிலிருந்து மண்ணுக்குக் கொண்டுவந்தது. வழக்கு மன்றத்தில் இது பல ஆண்டு இழுத்தது. சாலைகளுக்கு அடியில் மீன் ஏற முடியாத குழாய்ப் பாலங்களை மாநிலம் மாற்றித் தர வேண்டும் என்ற தீர்ப்பு, 2018-இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு நான்கு எனப் பிரிந்ததால் நிலைத்தது. அதற்குள் நிஸ்குவாலியில் கழிமுகத்தை மீட்கும் வேலை தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த வேலை தொடங்குவதற்கு முன், கழிமுகமே போய்விடும் நிலை ஒன்று வந்தது. அறுபதுகளில் அங்கே ஆழ்கடல் துறைமுகம் அமைக்க ஒரு திட்டம் இருந்தது. நகரக் குப்பையைக் கொட்டவும் யோசனை இருந்தது. உள்ளூர் மக்கள் எதிர்த்து நின்றார்கள். 1974-இல், போல்ட் தீர்ப்பு வந்த அதே ஆண்டில், அது தேசிய வனவிலங்குப் புகலிடம் ஆயிற்று. நல்ல முடிவு. ஆனால் புகலிடம் ஆன பிறகும் பிரவுனின் கரை அப்படியே நின்றது. உள்ளே நன்னீர்க் குளங்களில் வாத்துகளுக்கு இடம் அமைத்துப் பராமரித்தார்கள். கரைமேல் மக்கள் நடைபயின்றார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த இடத்தைக் காத்தார்கள். காத்தது ஏற்கெனவே உடைந்துபோன ஒன்றை. பாதுகாப்பும் மீட்பும் ஒன்றென்று நினைத்துவிடுவது இயற்கைக் காவலர்களுக்கும் நேர்வதுதான்.

முதலில் கரையை உடைத்தவர்கள் நிஸ்குவாலி மக்களே. ஆற்றின் கிழக்குப் பக்கத்தில் 1996-இல் வெறும் 9 ஏக்கரில் முயன்று பார்த்தார்கள். 2002-இல் 31 ஏக்கர். 2006-இல் 100 ஏக்கர். சிறிது உடைத்து, மீன் வருகிறதா, கோரை முளைக்கிறதா என்று பார்த்து, அடுத்ததற்குப் போனார்கள். இந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பெரிய பணத்தோடு ஒரேயடியாகத் தொடங்கும் திட்டங்களுக்கு இல்லாத ஒரு தெளிவு இதில் உண்டு.

பிறகு புகலிடத்தின் முறை. முதலில் உள்வாங்கி ஒரு புதிய கரை கட்டினார்கள். அதற்கு உட்பக்கம் ஒரு பகுதியை நன்னீர் நிலமாகவே விட்டார்கள். 2009-இல் பிரவுனின் கரையை எடுத்தார்கள். 762 ஏக்கருக்குள் கடல் நுழைந்தது. பழங்குடிகள் மீட்ட 140 ஏக்கரையும் சேர்த்தால் 900 ஏக்கருக்கு மேல். பசிபிக் வடமேற்கில் அதுவரை நடந்த சதுப்பு மீட்பு வேலைகளில் இதுவே பெரியது. அடைபட்டுக் கிடந்த பழைய ஓடைகள் முப்பது கிலோமீட்டருக்கு மேல் மறுபடி கடலோடு சேர்ந்தன.

எல்லோரும் மகிழவில்லை. கரைமேல் சுற்றிவரும் நடைபாதையை இழந்தவர்கள் வருந்தினார்கள். நன்னீர் வாத்துகளைப் பார்க்க வந்தவர்கள் கோபப்பட்டார்கள். அவர்கள் இழப்பு உண்மையான இழப்பு. 2011-இல் ஓடைகளுக்கு மேலே தூண்களில் நிற்கும் மரப்பாலம் ஒன்று, ஏறக்குறைய ஒரு மைல் நீளத்துக்குத் திறக்கப்பட்டது. ஏற்றத்தின்போது காலடியில் நீர், வற்றத்தின்போது சேறு. கரைமேல் நடந்தால் கழிமுகத்தைப் பார்க்கலாம். இதில் நடந்தால் கழிமுகத்துக்குள்ளேயே நிற்கலாம்.

முதல் ஆண்டுகளில் பார்ப்பதற்கு அந்த இடம் அழகாக இல்லை. உப்புப் பட்ட நன்னீர்ப் புற்களெல்லாம் செத்துப் பழுப்பாகின. எங்கும் வெற்றுச் சேறு. இதற்காகவா செலவு செய்தோம் என்று கேட்கும்படிதான் இருந்தது. சால்மன் குஞ்சுகள் அழகுக்குக் காத்திருக்கவில்லை. ஓடை திறந்ததும் வந்துவிட்டன. அமெரிக்க நிலவியல் ஆய்வகமும் நிஸ்குவாலி மக்களின் மீன்வளத் துறையும் வலைபோட்டு, வயிற்றைக் கழுவி என்ன தின்றன என்று பார்த்து, பல ஆண்டுகள் கணக்கெடுத்தன. பூச்சிகளும் ஓட்டுயிர்களும் மீண்ட ஓடைகளிலும் இருந்தன; குஞ்சுகள் அங்கேயே மேய்ந்தன. தாவரம் மெதுவாக வந்தது. மேட்டில் முளைத்தது, பள்ளத்தில் தயங்கியது.

குஞ்சு வருகிறது, தின்கிறது. அதனால் மீனின் வாழ்க்கையில் என்ன மாறியது? இதற்கு மிகத் தெளிவான விடை நிஸ்குவாலிக்குத் தெற்கே, ஓரிகன் மாநிலத்தில் சால்மன் என்றே பெயர் கொண்ட ஒரு சிற்றாற்றில் கிடைத்தது. அறுபதுகளில் மேய்ச்சலுக்காகப் போட்ட கரைகளை அங்கே 1978, 1987, 1996 என மூன்று கட்டமாக எடுத்தார்கள். எடுப்பதற்கு முன்பே, 1975 முதல் 1977 வரை, அந்தக் கழிமுகத்தில் எந்த மாதத்தில் எந்த அளவுக் குஞ்சு வருகிறது என்று ஒரு கணக்கு எடுத்து வைத்திருந்தார்கள். அப்போது சின்னஞ்சிறு குஞ்சுகள் கழிமுகத்தில் தங்கியதாகக் காணவில்லை. ஆற்றிலேயே வளர்ந்தவை கோடையின் தொடக்கத்தில் வந்து கடந்து போயின. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் மறுபடி கணக்கெடுத்தபோது, வசந்தத்தின் தொடக்கத்திலிருந்தே சிறு குஞ்சுகள் வருகின்றன, சதுப்பில் தங்குகின்றன, கடலுக்குப் போவது பல மாதங்களுக்குப் பரவியிருக்கிறது. இடம் திரும்பியதும் மறைந்துபோன வாழ்முறையும் திரும்பியிருக்கிறது.

என்னுடைய இன்றைய பேச்சின் மையம் இதுதான். பசிபிக் கடல் எல்லா மாதமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சில வாரங்களில் இரை கொழிக்கும். சில வாரங்களில் பாலை. ஆற்றுக் குஞ்சுகள் அனைத்தும் ஒரே வாரத்தில் கடலிறங்கினால், விதை நெல் முழுவதையும் ஒரே மழையை நம்பி விதைத்த உழவன் நிலைதான். பல வாரங்களில், பல அளவுகளில் இறங்கினால், ஏதோ ஒரு கூட்டத்துக்கு நல்ல காலம் வாய்க்கும். கரைகள் பறித்தது சில ஆயிரம் ஏக்கரை மட்டும் இல்லை. அந்த மீன் இனத்திடமிருந்த பல வழிகளையும் பறித்துவிட்டன. கழிமுகத்தைத் திறப்பது அந்த வழிகளைத் திரும்பக் கொடுப்பது. மீனுக்கு நாம் கொடுக்கக்கூடியவற்றில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

பொரிப்பகங்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மீன் குறைந்தால் பொரிப்பகத்தில் குஞ்சு பொரித்து விடலாமே என்பதுதான் நூறாண்டாக அந்த நாட்டின் பதில். நிஸ்குவாலியிலும் ஆண்டுதோறும் பல லட்சம் சினூக் குஞ்சுகளை விடுகிறார்கள். அந்த மீன் இல்லையென்றால் மக்களுக்குப் பிடிக்க மீனே இராது. அதை இழிவாகப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் நிஸ்குவாலியின் பூர்விகச் சினூக் இன்று இல்லை. இப்போது அங்கே முட்டையிடுவது வடக்கே உள்ள கிரீன் ஆற்றின் வழிவந்த பொரிப்பக மீனின் சந்ததி. பொரிப்பகக் குஞ்சு ஏறத்தாழ ஒரே அளவில், ஒரே காலத்தில் வெளியே விடப்படுகிறது. அது கழிமுகத்துக்கு வரும்போது, அங்கே முன்பே தங்கியிருக்கும் சிறு குஞ்சுகளோடு இரைக்குப் போட்டியிடுகிறது. அப்படியானால் யாருக்காகச் சதுப்பை மீட்டோம் என்று கேட்கலாம். ஆற்றில் தானே பிறந்து தானே வாழக் கற்கிற ஒரு கூட்டம் உருவாவதற்காக. வேற்றாற்று வழிவந்த மீனும் தலைமுறை தலைமுறையாக இந்த ஆற்றிலேயே முட்டையிட்டால் இந்த ஆற்றுக்கு ஏற்றதாக மாறும். அதற்குக் கழிமுகம் திறந்திருக்க வேண்டும், பொரிப்பக மீன் அளவோடு இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் பயன் பாதியாகிவிடும்.

விவசாயிகளின் பக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. வடக்கே ஸ்காஜிட் என்ற பெரிய ஆற்றின் கழிமுகத்தில் பெரும்பகுதி கரைகளுக்குள் இருக்கும் வளமான வயல். உருளைக்கிழங்கு, காய்கறி விதை, துலிப் மலர் எல்லாம் விளையும் மண். அங்கே ஒவ்வொரு ஏக்கரைத் திறப்பதற்கும் சண்டை. மீனுக்காக வயலைக் கேட்கும்போது, அந்த வயலை உழுபவன் எதற்காகத் தனியாக விலை கொடுக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அங்கே 2016-இல் முடிந்த ஒரு வேலையில் சுமார் 130 ஏக்கரைக் கடலுக்கு விட்டு, உள்வாங்கி உறுதியான புதிய கரை கட்டி, பின்னாலிருக்கும் வயல்களின் வடிகாலையும் சீர்செய்து கொடுத்தார்கள். பழைய கரையைவிடப் புதிய கரை விவசாயிக்கும் பாதுகாப்பானது. முன்னால் சதுப்பு இருந்தால் அலையின் அடி கரைமேல் நேரே விழாது. இப்படிச் செய்ய முடியும் என்றால், மீனா வயலா என்று ஊரை இரண்டாகப் பிரிக்க வேண்டியதில்லை.

நிஸ்குவாலியில் இன்னும் தீராத இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று வண்டல். பள்ளமான சதுப்பு மேடாக வேண்டுமானால் ஆறு மண் கொண்டுவர வேண்டும். ஆற்றின் நடுவில், 1945-இல் முடிந்த ஆல்டர் அணை, பனிமலை அரைத்துத் தரும் வண்டலில் பெரும்பங்கைத் தன் நீர்த்தேக்கத்திலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. கடல்மட்டமோ ஏறிக்கொண்டிருக்கிறது. மண் வராமல் கடல் ஏறினால், நாளைக்குச் சதுப்பு மீண்டும் வெறும் சேற்றுத் தரையாகிவிடும். இதே மாநிலத்தின் எல்வா ஆற்றில் 2011 முதல் 2014 வரை இரண்டு பழைய அணைகளையும் எடுத்தார்கள். அடைபட்டிருந்த மண் இறங்கிவந்து ஆற்று முகத்தில் புதிய நிலமே உருவானது. ஆல்டர் அணை மின்சாரம் தருகிறது. அதை எடுப்பது பற்றி யாரும் பேசவில்லை. ஆனாலும் எல்வாவில் கண்ட உண்மை நிஸ்குவாலிக்கும் பொருந்தும். கழிமுகத்தின் உயிர் பாதி மலையில் இருக்கிறது.

மற்றது நெடுஞ்சாலை. கனடா எல்லையிலிருந்து மெக்சிகோ எல்லைவரை போகும் ஐந்தாம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்தக் கழிமுகத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ஆற்றின் மேல் மட்டும் பாலம், இருபுறமும் மண்மேடு. அந்த மேடு ஆற்றை ஒரே இடுக்கில் அடைக்கிறது. வெள்ளம் விரியும் வழியும், ஆறு தன் போக்கை மாற்றிப் புதிய ஓடைகளை உண்டாக்கும் வழியும் இல்லை. மேட்டை நீக்கி நீண்ட பாலமாக உயர்த்தும் திட்டத்தை மாநிலப் போக்குவரத்துத் துறை எடுத்திருக்கிறது. நிஸ்குவாலி மக்கள் அதற்காக விடாமல் வாதாடினார்கள். அது நடந்தால் 2009-இல் நடந்ததற்கு இணையான வேலையாக இருக்கும்.

பில்லி ஃபிராங்க் 2014 மே மாதம் காலமானார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் மிக உயர்ந்த குடிமக்கள் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. அந்தப் புகலிடத்துக்கும் அவர் பெயரைச் சூட்டினார்கள். எந்த ஆற்றில் அவரைக் கைது செய்தார்களோ, அந்த ஆற்றின் முகம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. அங்கே கரையை எடுத்த வேலையில் பொறியாளர்கள், பறவை ஆர்வலர்கள், அரசுத் துறைகள் என்று பலருக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரு மீன்மேல் சட்டப்படி உரிமை கொண்ட ஒரு மக்கள் கூட்டம் அங்கே இருந்திராவிட்டால், இந்த வேலை இத்தனை ஆண்டு விடாமல் நடந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து. மற்றவர்களுக்கு அது ஒரு திட்டம். அவர்களுக்கு அது எழுதி வாங்கிய வாக்கு.

நம் பக்கம் ஒரு சொல். கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி முட்டையிடும் மீன் நமக்கும் உண்டு. ஹில்சா, நம் மீனவர் சொல்லும் உல்லம், வங்கக் கடலிலிருந்து காவிரிக்குள் ஏறி வந்த மீன். 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு காவிரியில் அதன் வரத்து அடியோடு சரிந்தது. சால்மனுக்குச் செய்ததை உல்லத்துக்கு அப்படியே செய்துவிட முடியாது. மீன் வேறு, ஆறு வேறு, கடல் வேறு. நம் கழிமுகங்களில் என்ன நடக்கிறது என்று முதலில் நாம் அறிய வேண்டும்.

இங்கே மீன்வளமும் கடலோரப் பொறியியலும் படிக்கும் மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஓரிகனில் அந்தச் சிற்றாற்றின் கதை உலகத்துக்குத் தெரிய வந்தது, கரை உடைவதற்கு முன்பே யாரோ சிலர் மூன்று ஆண்டுகள் சேற்றில் இறங்கிக் குஞ்சுகளை அளந்து எழுதி வைத்ததால்தான். அந்தப் பழைய கணக்கு இல்லையென்றால், பின்னால் வந்த மாற்றத்தை மாற்றம் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. நீங்கள் எந்தக் கழிமுகத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்தாலும், அதை மீட்க யாராவது பணம் ஒதுக்கும்வரை காத்திருக்காதீர்கள். எந்த மாதத்தில் எந்தக் குஞ்சு, எவ்வளவு நீளம், எந்த உப்பில், எந்த ஓடையில் இருந்தது என்று இந்த ஆண்டிலிருந்தே எழுதத் தொடங்குங்கள். வலை போடுகிறவர்களைக் கேட்டு எழுதுங்கள். அவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட இன்னும் ஏட்டில் ஏறவில்லை. எழுதியதை உங்கள் கல்லூரியிலும் ஊர் நூலகத்திலும் ஒரு படி வைத்துவிட்டுப் போங்கள்.